சரிவில் புல், பள்ளத்தில் தண்ணீர்: கிழக்கு அட்டப்பாடி மேய்ச்சல் நிலத்துக்கு முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் 44 ஆறுகளில் கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே கிழக்கு நோக்கி ஓடுகின்றன. பவானி நீலகிரியில் பிறந்து, அட்டப்பாடிக்குள் புகுந்து, சிறுவாணியையும் கொடுங்கரைப்பள்ளத்தையும் சேர்த்துக்கொண்டு மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. அதனால் சோலையூர், கோட்டத்துறை, ஆனைகட்டி பக்கத்துச் சரிவுகளில் நாம் மாட்டையும் ஆட்டையும் எப்படி மேய்க்கிறோம் என்பது நம் வீட்டு விவகாரமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. இங்கே கரையும் மண் பவானிசாகர் அணையை நோக்கிப் போகிறது. இங்கே நிலத்துக்குள் இறங்கும் மழையோ, மாசியிலும் பங்குனியிலும் பள்ளத்தில், அதாவது ஓடையில், கசிந்து ஓடுகிறது.

மேற்கே முக்காலி பக்கம் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தொடும். கிழக்கே வரவர அது 1,000 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒரே தாலுகாவுக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதால், மேற்குச் சரிவில் பலித்த முறை கிழக்கில் பலிக்காது. ஐந்து முதல் பத்து ஏக்கர் மானாவாரிச் சரிவும், சில மாடுகளும், இருபது முப்பது வெள்ளாடுகளும் வைத்திருக்கும் கிழக்குப் பகுதிக் குடும்பங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துச் சமவெளிக்காரர்களுக்கும் சரிவு பற்றிய பகுதிகள் தவிர மற்றவை பொருந்தும்.

மாடு தின்ற புல்லைக் கணக்கிட்டே பழகிவிட்டோம். மாடு விட்டுவைத்த புல்லைக் கணக்கிடத் தொடங்கினால்தான் இந்த நிலம் பிழைக்கும். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இதுவே அடிப்படை.

படி 1: மழை பெய்யும்போது நிலத்தைப் பாருங்கள்

வெயில் நாளில் பார்த்தால் நிலம் பாதி உண்மையைத்தான் காட்டும். நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் மேட்டிலிருந்து கீழே நடந்து வாருங்கள். தண்ணீர் எங்கே கலங்கலாக ஓடுகிறது, எங்கே தெளிவாகக் கசிகிறது, ஆட்டுத் தடத்தில் எங்கே வாய்க்கால் விழுந்திருக்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்து குறியுங்கள். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை என்றால் அது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். அந்த ஒரு லட்சம் லிட்டரும் நிலத்துக்குள் போகிறதா, மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறதா என்பதைத்தான் பார்க்கிறீர்கள்.

சில அடையாளங்களைத் தவறவிடக் கூடாது. புற்குத்துகள் சிறு மேடைகளின் மேல் நிற்பதுபோல் வேர் தெரிய நின்றால், சுற்றிலும் இருந்த மண் போய்விட்டது என்று பொருள். தரை காய்ந்த பின் மேலே ஓடுபோல் இறுகியிருந்தால், மழைத்துளி நேரடியாக அடித்து மண்ணின் கண்களை அடைத்திருக்கிறது. சாணம் மாதக்கணக்கில் வறட்டிபோல் அப்படியே கிடந்தால், அதை உருட்டிப் புதைக்கும் சாண வண்டுகள் அங்கே இல்லை.

அடுத்து இரண்டு எளிய அளவுகள். முதலாவது, நூறு அடி எண்ணி நடப்பது. ஒவ்வொரு அடியிலும் கால் நுனி தொடும் இடத்தில் இருப்பது புல்லா, சருகா, கல்லா, வெறும் மண்ணா என்று குறியுங்கள். வெறும் மண் முப்பது முறை வந்தால், நிலத்தில் சுமார் 30 விழுக்காடு மொட்டை. இரண்டாவது, தண்ணீர் சோதனை. 15 செ.மீ. குறுக்களவுள்ள குழாய்த் துண்டு ஒன்றை மண்ணில் சில விரற்கடை ஆழம் தட்டி இறக்கி, அதில் 450 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். இது 25 மி.மீ. மழைக்குச் சமம். அது உள்ளே இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று, அடர்ந்த புல்லுக்கு நடுவிலும் ஆடு நடக்கும் தடத்திலும் தனித்தனியே பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை கண்ணால் கண்டவருக்குப் புல்லின் அருமையை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த எண்களையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு பாறையையோ மரத்தையோ அடையாளமாக வைத்து, அதே இடத்தில் நின்று ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

படி 2: மார்கழியில் தீவனக் கணக்கு

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நிலத்தில் நிற்கும் புல்தான் பெரும்பாலும் அடுத்த கோடை மழை வரைக்கும் உள்ள கையிருப்பு. அதை எடைபோட்டே பார்த்துவிடலாம். நான்கு குச்சிகளைக் கட்டி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்யுங்கள். நல்ல இடம், மோசமான இடம், நடுத்தரமான இடம் என்று பத்து இடங்களிலாவது சட்டத்தை வைத்து, உள்ளே இருக்கும் புல்லை அறுத்து, நன்றாக உலர்த்தி எடை பாருங்கள். சதுர மீட்டருக்கு ஒரு கிராம் என்றால் ஏக்கருக்கு நான்கு கிலோ.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சராசரி 200 கிராம் வந்தால் ஏக்கருக்கு 800 கிலோ. அதில் பாதி நிலத்துக்கு. மீதி 400 கிலோ கால்நடைக்கு. ஆறு ஏக்கருக்கு 2,400 கிலோ. மாடு தன் உடல் எடையில் சுமார் இரண்டரை விழுக்காடு உலர் தீவனம் எடுக்கும். 250 கிலோ நாட்டு மாட்டுக்கு நாளொன்றுக்கு ஆறேகால் கிலோ. 25 கிலோ வெள்ளாட்டுக்கு ஒரு கிலோ வேண்டும், ஆனால் அதில் பாதியை அது மரத்தழையிலும் புதரிலும் தேடிக்கொள்ளும் என்று வைப்போம். இரண்டு மாடும் இருபது ஆடும் இருந்தால் நாளொன்றுக்கு இருபத்திரண்டரை கிலோ புல். 2,400 கிலோ சுமார் 107 நாட்களுக்கு வரும். ஜனவரி முதல் மே வரை 151 நாட்கள். ஆக 44 நாட்களுக்கு, அதாவது சுமார் ஒரு டன் தீவனம் குறைகிறது.

இது மார்கழியிலேயே தெரிந்துவிட்டால் சோளத்தட்டோ வைக்கோலோ விலை ஏறும் முன் வாங்கிப் போர் போடலாம். இல்லையென்றால் கிடாக்களையும் பால் வற்றிய கிழட்டு மாட்டையும் உடம்போடு இருக்கும்போதே விற்கலாம். பங்குனியில் எல்லோரும் எலும்பும் தோலுமாக ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போகும்போது வியாபாரி சொல்வதே விலை. எத்தனை உருப்படி வைத்திருக்கிறோம் என்பதைப் பெருமையாக நினைக்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. நிலம் தாங்கும் எண்ணிக்கையே உண்மையான சொத்து என்பது என் உறுதியான கருத்து.

படி 3: பிரிக்கவும், ஓய்வு கொடுக்கவும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

புல்லின் மேல்பகுதியைக் கடித்தால் கீழே வேருக்கு என்ன ஆகிறது என்று அமெரிக்காவில் கிரைடர் என்ற ஆய்வாளர் சோதித்து 1955இல் முடிவுகளை வெளியிட்டார். இலையில் பாதி போனால் வேர் வளர்ச்சி ஏறக்குறைய தடைபடுவதில்லை. 70 விழுக்காடு போனால் முக்கால்வாசி வேர்கள் நின்றுவிடுகின்றன. 80 விழுக்காடு போனால் எல்லா வேர்களும் பன்னிரண்டு நாட்களுக்கு வளராமல் நிற்கின்றன. 90 விழுக்காடு போனால் பதினேழு நாட்கள். அதற்குள் ஆடு மறுபடியும் வந்து துளிரைக் கடித்தால், வேரில் இருந்த சேமிப்பும் கரைந்து, அடுத்த வறட்சியில் அந்தக் குத்து செத்துப்போகிறது. நல்ல பல்லாண்டுப் புல் போன இடத்தில் ஒரு மழைக்கு முளைத்து அடுத்த மாதமே காயும் ஓராண்டுப் புல்லும், பிறகு பார்த்தீனியம், உன்னிச்செடி போன்ற களைகளும் வந்து உட்காருகின்றன. மொட்டையான மலைகளுக்கெல்லாம் வெள்ளாட்டைக் குற்றவாளியாக்குவது எளிது. ஆனால் ஒரே சரிவில் ஆண்டு முழுவதும் நான்கு ஆடு அலைந்தாலும் நிலம் கெடும். நாற்பது ஆடு மூன்று நாள் மேய்ந்து நாற்பது நாள் திரும்பாமல் இருந்தால் நிலம் தேறும்.

நிலத்தை நான்காகவாவது, முடிந்தால் ஆறேழாகவாவது பிரியுங்கள். புல் முழங்கால் உயரம் வந்த பிறகே ஒரு பிரிவுக்குள் விட வேண்டும். பத்து செ.மீ. கட்டை மிஞ்சும்போது வெளியே ஓட்டிவிட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு பிரிவுக்கு 25 முதல் 35 நாள் ஓய்வு போதுமானதாக இருக்கும். உலர்ந்த மாதங்களில் 60, 90 நாள்கூட ஆகலாம். நாட்காட்டியைப் பார்த்து மாற்றாமல் புல்லைப் பார்த்து மாற்றுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிரிவை, பூத்து விதை முற்றி உதிரும் வரை தொடாமல் விடுங்கள். அடுத்த ஆண்டு வேறு பிரிவுக்கு அந்த முறை.

வேலிக்குக் கிளுவையை மிஞ்சிய மரம் வறண்ட நிலத்தில் இல்லை. கொறங்காடு என்று சொல்லும் கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலங்களில் தலைமுறை தலைமுறையாக நிற்பது இதுதான்: சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், நுழைவாயிலில் ஒரு படல். கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைத்துண்டுகளை) கோடை மழையை எதிர்பார்க்கும் நாட்களில் நெருக்கமாக ஊன்றினால் சில ஆண்டுகளில் ஆடு புகாத வேலி ஆகிவிடும். கம்பி வேலிக்குக் கடன் வாங்காதீர்கள். யானை நடக்கும் தடம் உங்கள் நிலத்தின் ஓரமாகப் போனால் அதை மறித்து எந்த வேலியும் போட வேண்டாம். அது நிற்காது, ஆபத்தும் கூட.

வேலி போட முடியாதவர்களுக்கு மேய்ப்பவரே வேலி. காலையில் எந்தப் பக்கம் திருப்புவது, எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தச் சரிவை இந்த மாதம் முழுக்கத் தவிர்ப்பது என்பதை முடிவுசெய்யத் தெரிந்த மேய்ப்பர் ஒரு பொறியாளருக்குச் சமமான வேலையைச் செய்கிறார். அந்த வேலையைப் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையிடமோ கண் மங்கிய முதியவரிடமோ ஒப்படைத்துவிட்டு நிலம் கெட்டது என்று புலம்புவது நியாயமில்லை.

கோடை கழிந்து முதல் மழை பெய்ததும் சரிவு பச்சையாகும். அந்த நேரத்தில் கையைக் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் துளிர், புல் தன் வேர்ச் சேமிப்பின் கடைசியை எடுத்து விட்ட துளிர். மூன்று நான்கு வாரங்கள் கால்நடைகளைப் பட்டியிலோ ஒரே ஒரு பிரிவிலோ நிறுத்தி, சேர்த்து வைத்த சோளத்தட்டைப் போடுங்கள். படி 2இல் வாங்கச் சொன்ன தீவனத்தின் ஒரு பகுதி இதற்குத்தான்.

படி 4: தண்ணீரை மேட்டிலிருந்து பிடித்து வாருங்கள்

பள்ளத்தில் பெரிய தடுப்பணை கட்டுவதிலிருந்து யாரும் தொடங்கக் கூடாது. மேலே மொட்டை மலையை வைத்துக்கொண்டு கீழே கட்டிய தடுப்பணை சில மழையில் மண் நிரம்பி மேடாகிவிடும். வேலை எப்போதும் உச்சியிலிருந்து கீழ்நோக்கி.

மேலே சிறு வாய்க்கால் அரிப்புகளில் முதலில் முட்செடியையும் கிளைகளையும் குறுக்கே அடுக்கிக் கல்லை வையுங்கள். கொஞ்சம் பெரிய அரிப்புகளுக்குக் கல் தடுப்பு. அதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உயரம் முழங்காலைத் தாண்டக் கூடாது. நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு சுற்றிப் போகும். அடிக்கல்லைத் தரையிலும் இரண்டு கரைகளிலும் தோண்டிப் பதிக்க வேண்டும். மேல் தடுப்பின் அடியும் அதற்கடுத்த கீழ்த் தடுப்பின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி இடைவெளி விட வேண்டும்.

சரிவின் குறுக்கே சம உயரக் கோட்டைக் குறிக்க மூன்று குச்சியும் ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும். இரண்டு குச்சிகளைக் கூடாரம்போல் கட்டி, நடுவில் குறுக்குக் குச்சி பொருத்தி, உச்சியிலிருந்து கல்லைத் தொங்கவிட்டு, சமதரையில் கயிறு குறுக்குக் குச்சியைத் தொடும் இடத்தில் கோடு கீறிக்கொள்ளுங்கள். சரிவில் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி வைத்து, கயிறு அந்தக் கோட்டில் நிற்கும் இடங்களை இணைத்தால் சம உயரக் கோடு கிடைத்துவிடும். அந்தக் கோட்டில் கல் வரப்போ, வெட்டிவேர் வரிசையோ வைக்கலாம். செங்குத்தான சரிவில் ஜேசிபி வேண்டவே வேண்டாம். அது ஒரு நாளில் கிளறும் மண்ணைப் பல மழைக்காலங்கள் கழுவிக்கொண்டே இருக்கும்.

பள்ளத்தின் இரண்டு கரையிலும் பத்து மீட்டராவது மேய்ச்சல் இல்லாமல் விடுங்கள். அங்கே நீர்மருது, புங்கன், நாவல், மூங்கில் எல்லாம் வரும். கால்நடைகள் தண்ணீரில் இறங்கி மிதித்துக் கலக்கிச் சாணமிட்டால் கீழே குடிப்பவர்களுக்கு நோய், நம் ஆடுகளுக்குக் குளம்பழுகல். ஒரு குழாய் இழுத்து மேட்டில் தொட்டி வைத்தால், மாட்டுக்கு நாளைக்கு 30 முதல் 50 லிட்டர், ஆட்டுக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் என்று அளவாகக் கொடுத்துவிடலாம். தொட்டி வைக்கும் இடத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினால் ஒரே இடம் சேறாகாது.

படி 5: விதை, மரம், களை

ஓய்வு கொடுத்தாலே பாதி நிலம் தானாக மூடிக்கொள்ளும். மூடாத இடங்களில் மட்டும் விதையுங்கள். சரிவை உழ வேண்டாம். சம உயரத்தில் களைக்கொத்தால் கீறி, விதையைத் தூவி, சருகால் மூடினால் போதும். கொழுக்கட்டைப்புல் ஹெக்டேருக்கு ஆறு முதல் எட்டு கிலோ வேண்டும். அறுத்த புது விதை சரியாக முளைக்காது, ஆறு மாதமாவது வைத்திருந்து விதைக்க வேண்டும். கூடவே முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியைக் கலந்தால் மண்ணுக்குத் தழைச்சத்தும் மாட்டுக்குப் புரதமும் கிடைக்கும். அதன் விதைத்தோல் கடினமானது. 80 டிகிரி சூட்டில் உள்ள நீரில் நான்கு நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதையுங்கள்.

மரங்களில் வெள்வேலத்துக்கு முதலிடம். அதன் நெற்றுகள் கோடையில் ஆட்டுக்குக் கிடைக்கும் நல்ல தீவனம், நிழலோ புல்லைக் கொல்லாது. உசில், வேம்பு, அகத்தி, கிளைரிசிடியா எல்லாம் வேலியோரத்தில் இருக்கட்டும். சூபாபுல் தழையில் மைமோசின் என்ற நச்சு உண்டு, மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இளஞ்சோளப் பயிரையும், அறுத்த கட்டையில் விட்ட மறுதுளிரையும், வறட்சியில் வாடிய சோளத்தையும் மேய்க்காதீர்கள். அதில் உருவாகும் சயனைடு நச்சு மாட்டைச் சில நிமிடங்களில் சாய்த்துவிடும்.

உன்னிச்செடியை வெட்டினால் தழைத்துவிடும், எரித்தாலும் தழைத்துவிடும். மண்ணுக்குச் சில செ.மீ. கீழே தண்டும் வேரும் சேரும் இடத்தில் வெட்டி, செடியைத் தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும். காய் பழுக்கும் முன் இதை முடித்துவிட்டு, அந்த இடத்தில் உடனே புல் விதைக்காவிட்டால் உழைப்பு வீண். பறவைகள் போடும் விதை முளைக்கும் என்பதால் இரண்டு மூன்று ஆண்டுகள் திரும்பி வந்து நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

படி 6: தீ

தை பிறக்கும் முன் நிலத்தின் எல்லையில் நான்கைந்து மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட்டுவிடுங்கள். புதுப்புல் துளிர்க்கும் என்று மாசியில் கொளுத்துவது பல இடங்களில் உள்ள பழக்கம். துளிர்ப்பது உண்மைதான். ஆனால் கோடையின் முதல் கனமழை அடிக்கும்போது சரிவு சருகில்லாமல் கிடக்கும், ஆண்டில் மிக அதிகமாக மண் போவது அந்த நாட்களில்தான். தீ காட்டுக்குள் பரவினால் என்ன நடக்கும் என்பதை மலையோரத்தில் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

படி 7: மந்தை

அட்டப்பாடி கருப்பு ஆடு இந்தச் சரிவுக்கும் இந்த வெயிலுக்கும் பழகிய இனம். எடை கூடும் என்று வெளியூர்க் கிடாவை வாங்கிக் கலந்துவிட்டு, பிறகு அதற்கு அடர்தீவனம் தேடி அலைவதைவிட, இருப்பதில் நல்ல கிடாவைத் தேர்ந்து வைப்பது மேல். மாடுகளிலும் மலையேறத் தெரிந்த நாட்டு மாடுகளே மானாவாரி மேய்ச்சலுக்கு ஏற்றவை.

மொட்டையாகக் கிடக்கும் இடத்தில் இரவுக் கிடை போடுங்கள். சிறுத்தை நடமாட்டம் உள்ள இடத்தில் கூரையுள்ள கூண்டுப் பட்டி அவசியம். சில இரவுகள் கழித்து இடம் மாற்றினால், அடுத்த மழைக்கு அந்த இடம் தனியாகத் தெரியும். குடற்புழு மருந்தைக் குறிப்பிட்ட நாளில் எல்லா ஆட்டுக்கும் ஊற்றாமல், கால்நடை மருத்துவரைக் கேட்டுத் தேவையானவற்றுக்கு மட்டும் கொடுங்கள். ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் சாணத்தின் வழியாக வெளியேறிச் சாண வண்டுகளையும் பாதிக்கும். புழுக் குஞ்சுகள் புல்லின் அடிப்பகுதியில்தான் அதிகம் இருக்கும் என்பதால், பத்து செ.மீ. கட்டை விடுவது இங்கும் உதவுகிறது. மழை தொடங்கும் முன் துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி, கோமாரித் தடுப்பூசிகளை முடித்துவிடுங்கள்.

படி 8: ஊரோடு பேசுதல்

உங்கள் ஆறு ஏக்கரை மட்டும் திருத்தினால் பள்ளம் முழுதாகத் திருந்தாது. புறம்போக்கிலும் காட்டோரத்திலும் எல்லோருடைய ஆடும் மேய்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சமூக மேய்ச்சல் உரிமையை அங்கீகரிக்கிறது, காட்டைக் காக்கும் பொறுப்பையும் கிராம சபைக்குத் தருகிறது. ஊர்த் தலைவரான மூப்பனையும், மேய்க்கப் போகும் பெண்களையும், பள்ளத்தின் கீழ்ப்பகுதியில் விவசாயம் செய்பவர்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, எந்தச் சரிவை எந்த மாதம் மூடுவது என்று மட்டும் முதலில் முடிவுசெய்யுங்கள். அபராதத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். மூடும் சரிவுக்குப் பதிலாக எங்கே மேய்ப்பது என்று சொல்லாத எந்தத் தீர்மானமும் ஏழையின் ஆட்டைத்தான் பட்டினி போடும்.

படி 9: ஆண்டுக்கு ஒருமுறை அதே அளவு

ஒவ்வொரு மார்கழியிலும் நூறு அடி நடையையும், குழாய்ச் சோதனையையும், படத்தையும் அதே இடத்தில் திரும்பச் செய்யுங்கள். முதல் ஆண்டில் சருகு கூடுவது தெரியும். அடுத்தடுத்த ஆண்டுகளில் பல்லாண்டுப் புற்குத்துகள் நெருங்கி வரும், தண்ணீர் இறங்கும் நேரம் குறையும். பள்ளத்தில் நீர் எந்தத் தேதி வரை ஓடியது என்பதையும் எழுதிவையுங்கள், ஆனால் அது அந்த ஆண்டின் மழையையும் பொறுத்தது என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்றாவது மார்கழியிலும் மொட்டை விழுக்காடு குறையவில்லை என்றால் ஓய்வு நாட்களைக் கூட்டுங்கள். அதற்கும் மாறவில்லை என்றால் மந்தையில் நான்கில் ஒரு பங்கை அந்தத் தைக்குள் விற்றுவிடுங்கள்.